இரண்டு வாய், ஒரே நோய்

கருப்பையின் கீழ்முனைக்குத் தமிழில் 'வாய்' என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வைத்திருக்க முடியாது. ஆனாலும் பார்த்து வைத்தது போலவே பொருந்துகிறது. கன்னத்தின் உட்புறத்தை எந்த வகைச் செல்லடுக்கு மூடியிருக்கிறதோ, ஏறத்தாழ அதே வகைதான் யோனியையும் கருப்பை வாயின் வெளிப்புறத்தையும் மூடியிருக்கிறது. அந்த அடுக்கைக் குறிவைக்கும் நோய் ஒன்று முகத்திலுள்ள வாயைப் புண்ணாக்கினால், கருப்பை வாயையும் புண்ணாக்க வழியிருக்கிறது. நம் மருத்துவமனைகளிலோ இந்த இரண்டு வாய்களுக்கும் நடுவே இரண்டு மாடியும் இரண்டு ஓ.பி. சீட்டும் இருக்கின்றன.

பெம்பிகஸ் வல்காரிஸ் என்பது அந்த நோய். கிரேக்க மொழியில் கொப்புளத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். கிருமியை அடிக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்த உடம்பையே அடிக்கும் ஆட்டோஇம்யூன் நோய்களில் ஒன்று. தொட்டால் ஒட்டாது. பரம்பரையாக நேரே இறங்குவதும் இல்லை. சில மரபணு வகைகள் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். யூதர்கள், மத்தியதரைக்கடல் பகுதி மக்கள், இந்தியர்கள் ஆகியோரிடம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் காணப்படுகிறது.

நம் தோலின் செல்கள் ஒன்றையொன்று கொக்கி மாட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கொக்கியின் முக்கியமான பாகம் டெஸ்மோகிளீன் என்ற புரதம். அதில் மூன்றாம் வகையும் ஒன்றாம் வகையும் இங்கே முக்கியம். தோலில் இரண்டுமே இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். வாயின் உட்புறத்திலும் பிறப்புறுப்பிலும் பெரும்பாலும் மூன்றாம் வகையை நம்பித்தான் காரியம் நடக்கிறது. பெம்பிகஸ் நோயாளியின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் முதலில் அந்த மூன்றாம் வகையைத்தான் பிடிக்கிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வாயில் தொடங்குவது இதனால்தான். தோலில் ஒரு கொப்புளம்கூட எழாமல் மாதக்கணக்கில் வாய்ப்புண்ணாக மட்டுமே இருப்பவர்கள் உண்டு.

கொப்புள நோய் என்ற பெயரே இங்கே ஏமாற்றுகிறது. வாயிலும் யோனியிலும் முழுக் கொப்புளத்தைப் பார்ப்பதே அரிது. அங்கே அதன் கூரை அவ்வளவு மெலிசு. எழுந்த வேகத்தில் உடைந்து, செக்கச்சிவந்த ரணம்தான் மிஞ்சும். வாயில் அது வந்தால் சோற்றில் காரம் படும்போது உயிர் போகும். கீழே வந்தால் எரிச்சல், வெள்ளைப்படுதல், தாம்பத்தியத்தில் வலி. சில பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

நம் வீடுகளில் இந்த இரண்டுக்குமே ஒரு பதில்தான்: உடம்புச் சூடு. வாய்ப்புண்ணா, மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவை. வெள்ளைப்படுகிறதா, வெந்தயத்தை ஊறவை. மருந்துக்கடைக்காரர் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைக் கிழித்துக் கொடுப்பார். பாட்டி சொன்ன காரணம் தவறுதான். ஆனால் மேலே இருக்கும் புண்ணையும் கீழே இருக்கும் தொந்தரவையும் ஒரே உடம்பில் நடக்கும் ஒரே காரியமாக அவள் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் நாம் துறைவாரியாகப் பிரித்துத் தொலைத்துவிட்டோம்.

இனி, புண்ணிலிருந்து எடுத்த செல்களைத் தடவி நுண்ணோக்கியில் வைக்கும் ஸ்லைடுக்கு வருவோம். நான் சொல்ல வந்த கதையே அதில்தான் இருக்கிறது.

பந்தல் துணியை நான்கு பக்கமும் கயிறு கட்டி இழுத்திருக்கும்போது அது விறைப்பாகப் பரந்து நிற்கும். கயிறுகள் அறுந்தால் துணி சுருண்டுவிடும். கொக்கி கழன்ற செல்லுக்கும் அதே கதிதான். பக்கத்துச் செல்கள் இழுத்துப் பிடித்திருந்தவரை பலகோண வடிவில் தட்டையாக இருந்தது, பிடி விட்டதும் உருண்டையாகிறது. நடுவிலுள்ள கரு பெரிதாகத் தெரிகிறது. கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்ற புள்ளி துருத்திக்கொண்டு நிற்கிறது. கூட்டத்தை விட்டுத் தனித்தனியாகவோ சிறு திட்டுகளாகவோ கிடக்கிறது.

இந்தச் செல்லுக்குத் தோல் மருத்துவர்கள் ட்ஸாங்க் செல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அர்னோ ட்ஸாங்க் 1886-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மருத்துவர். பிரான்ஸின் ரத்த தான அமைப்பைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். கொப்புளத்தின் அடிப்பகுதியைச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, சாயமேற்றிப் பார்த்தால் சில நிமிடங்களில் பெம்பிகஸை அடையாளம் காணலாம் என்று 1947-இல் காட்டினார். எளிமையான, மலிவான முறை. இன்றும் மாவட்டத் தலைமை மருத்துவமனைத் தோல் பிரிவில் இதைச் செய்துவிட முடியும்.

சுரண்டித் தடவிப் பார்க்கும் அதே வித்தையை வேறொருவர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கருப்பை வாயில் செய்திருந்தார். கிரேக்கத்தின் கிமி என்ற கடலோர ஊரில் 1883-இல் பிறந்தவர் ஜார்ஜ் பாபனிகொலாவ். 1913-இல் நியூயார்க் வந்து இறங்கியபோது ஆங்கிலமும் இல்லை, வேலையும் இல்லை. கொஞ்ச நாள் கடையில் கம்பளம் விற்றார். பிறகு ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. அவருடைய மனைவி ஆண்ட்ரோமகி ஆய்வகத்தில் அவருக்குத் துணையாக இருந்ததோடு, ஆண்டுக்கணக்கில் தன் உடம்பிலிருந்தே மாதிரி கொடுத்தார். 'பாப் ஸ்மியர்' என்று நாம் சுருக்கிச் சொல்லும் பெயரில் பாதி அந்த அம்மாளுடையதாக இருந்திருக்க வேண்டும். இப்படி எடுத்த செல்களிலேயே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928-இல் பாபனிகொலாவ் சொன்னபோது யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ருமேனியாவில் ஆரெல் பாபெஷ் ஏறக்குறைய அதே காலத்தில் அதே வழியைத் தனியாகக் கண்டிருந்தார். 1943-இல் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து பாபனிகொலாவ் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆக, ஒரே செயலுக்கு இரண்டு மரபுகள். தோல் பிரிவில் அந்த உருண்டைச் செல்லைப் பார்த்தால் பெம்பிகஸ் நினைவுக்கு வருகிறது. மகளிர் பிரிவிலிருந்து வந்த ஸ்லைடில் அதே செல்லைப் பார்த்தால் புற்றுநோய் நினைவுக்கு வருகிறது. பெரிய கரு, துருத்திய நியூக்ளியோலஸ், கூட்டத்தை விட்டுப் பிரிந்த தனிச் செல்கள். புற்றுநோயைச் சந்தேகிக்கச் சொல்லும் பாடத்தில் முதலில் வரும் அடையாளங்களே இவைதான்.

இதில், ஸ்லைடில் செல்களைப் பார்த்து அறிக்கை எழுதும் சைட்டாலஜி மருத்துவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. பெம்பிகஸ் எவ்வளவு? நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது: 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 4.4 பேர். அதே விகிதம் தமிழ்நாட்டுக்கும் பொருந்துமென்று வைத்துக்கொண்டால், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பார்த்தாலும் ஆணும் பெண்ணுமாகச் சுமார் 300 பேர்தான் வருவார்கள். அவர்களில் கருப்பை வாய் வரை நோய் இறங்கியவர்கள் இன்னும் குறைவு. வேலைநாள் முழுவதும் புற்றுநோயைத் தேடிக்கொண்டிருக்கும் கண் இதைப் புற்றுநோய் என்று சந்தேகிப்பதுதான் இயல்பு. தவறவிட்டால் உயிர் போகும் நோயைச் சந்தேகித்தது குற்றமாகாது.

ஆனாலும் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். புற்றுநோய்ச் செல்லின் கரு கருத்துப்போய், உள்ளே குரோமாட்டின் என்ற மரபுப்பொருள் கட்டிகட்டியாக, விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். ஒரு செல்லைப் போல இன்னொன்று இருக்காது. பெம்பிகஸ் செல்லின் கரு பெரிதுதான், ஆனால் வெளிர்ந்திருக்கும். குரோமாட்டின் சலித்த மாவு போலச் சீராகப் பரவியிருக்கும். விளிம்பு வழவழவென்று இருக்கும். உருண்டைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத் தோன்றும். ரணம் ஆறும்போது வரும் பழுதுபார்ப்புச் செல்களிலும் நியூக்ளியோலஸ் பெரிதாக இருக்கும். ஆனால் அவை விரிப்பு போல ஒட்டிக்கொண்டு வரும், இப்படி உதிர்ந்து கிடக்காது. இவ்வளவும் ஸ்லைடு ஒழுங்காக இருந்தால்தான். தடவியதும் ஈரம் காயும் முன் ஆல்கஹாலில் முக்காமல் விட்டால் கருக்கள் ஊதிப்போய் எந்த அடையாளமும் நம்பும்படி இருக்காது.

ஸ்லைடு நன்றாக இருந்து, கண்ணும் பழகிய கண்ணாக இருந்தாலும், 'பெம்பிகஸ்' என்ற சொல் மனதில் எழ ஒரு தூண்டுகோல் வேண்டும். அது ஸ்லைடோடு வரும் படிவத்தில் இருக்க வேண்டும். அந்தப் படிவத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெயர், வயது, கடைசி மாதவிடாய் தேதி, எத்தனை குழந்தைகள். அதன்பின் 'நோய் விவரம்' என்று ஒரு வரி. பெரும்பாலும் அதற்கு எதிரே 'வெள்ளைப்படுதல்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். அதுவும் இல்லாமல் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பதும் உண்டு.

அந்த வரியில் 'ஆறு மாதமாக வாய்ப்புண்' என்று மூன்று சொற்கள் இருந்தால் போதும், நுண்ணோக்கியின் முன் இருப்பவர் வேறு மனிதராகிவிடுவார். 'தோல் பிரிவில் பெம்பிகஸுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்' என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. தெஹ்ரானில் பெம்பிகஸ் உள்ள 77 பெண்களைப் பரிசோதித்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறப்புறுப்புப் பகுதியிலும் நோய் இருந்தது. அப்படியிருக்க, தோல் பிரிவில் வாயையும் முதுகையும் பார்த்துவிட்டு 'வேறெங்காவது புண் இருக்கிறதா அம்மா' என்று கேட்காமல் அனுப்புவதும், மகளிர் பிரிவில் கருப்பை வாய் ரணத்தைப் பார்த்தவர் 'கொஞ்சம் வாயைத் திறங்கம்மா' என்று சொல்லாமல் விடுவதும் சின்ன மறதி ஆகாது. கேட்டாலும் எல்லாரும் சொல்லிவிடுவார்கள் என்பதில்லை. சுற்றிலும் ஆட்கள் நிற்கும் ஓ.பி.யில், ஆண் மருத்துவரிடம், கீழே எரிகிறது என்று சொல்ல நம் ஊர்ப் பெண் எத்தனை முறை தயங்குவாள்! கேட்க வேண்டிய பொறுப்பு இன்னும் கூடுகிறது.

தவறான அறிக்கை என்ன செய்யும்? 'புற்றுநோய்ச் சந்தேகம்' என்ற இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவ வழியில் பார்த்தால், அடுத்தது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி, அப்புறம் திசு எடுத்தல். ஒழுங்காக நடந்தால் அங்கேயே உண்மை வெளிவரும். அவசரப்பட்டால் தேவையில்லாத கத்தி விழும் ஆபத்து இருக்கிறது. அதற்குள் உண்மையான நோய் வாயிலிருந்து தொண்டைக்கும், பிறகு தோலுக்கும் பரவிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெம்பிகஸ் என்று தெரிந்துவிட்டது என்பதற்காக, அந்தப் பெண்ணின் ஸ்லைடில் வரும் எல்லாச் செல்லையும் பெம்பிகஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இந்த நோய்க்குத் தரும் மருந்துகள் எதிர்ப்பாற்றலை அடக்குபவை. எதிர்ப்பாற்றல் அடங்கிய உடம்பில் எச்பிவி வைரஸ் நிலைத்துத் தங்குவது எளிது. அந்த வைரஸ்தான் கருப்பை வாய்ப் புற்றுநோயின் வேர். ஆகவே பெம்பிகஸ் உள்ள பெண்ணுக்கு மற்றவர்களைவிட ஒழுங்காகப் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்க வேண்டும். இரண்டு நோயும் ஒரே உடம்பில் இருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

செல்லைப் பார்த்து எழுவது சந்தேகம் மட்டுமே. முடிவு திசுவிலும் ரத்தத்திலும் இருக்கிறது. 1964-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பாய்ட்னரும் ராபர்ட் ஜோர்டனும் பெம்பிகஸ் நோயாளிகளின் ரத்தத்தில் தோல் செல்களை ஒட்டவைக்கும் இடத்தையே பிடிக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினார்கள். அதுவரை காரணம் தெரியாத நோயாக இருந்தது அன்று ஆட்டோஇம்யூன் நோயானது. 1991-இல் மசயுகி அமகாயும் ஜான் ஸ்டான்லியும் அந்த எதிர்ப்பொருள் பிடிக்கும் புரதம் எது என்று மரபணு வழியாகக் கண்டறிந்தனர். இன்று இம்யூனோஃப்ளூரசன்ஸ் என்ற ஒளிரும் சாய முறையில் பார்த்தால் செல்களைச் சுற்றி எதிர்ப்பொருள் மீன்வலை போலப் பின்னியிருப்பது பச்சையாகத் தெரியும். டெஸ்மோகிளீன் எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளக்கவும் எலைசா சோதனை இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இன்னொரு சில்லறைத் தவறு பெரிய நஷ்டமாகிறது. புண்ணின் நடுவிலிருந்து திசுவை வெட்டினால் பயனில்லை. அங்கே மேலடுக்கே இல்லை. பிறகு எதைப் பார்ப்பது? விளிம்பிலிருந்தும், அதையொட்டிய நல்ல பகுதியிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டு துண்டு வேண்டும். சாதாரணப் பரிசோதனைக்கு ஒன்று, அதை ஃபார்மலினில் போடலாம். ஒளிரும் சாயத்துக்கு ஒன்று, அதை ஃபார்மலினில் போட்டால் கதை முடிந்தது. அதற்கென்றே மிஷல் கரைசல் இருக்கிறது. அது கையில் இல்லையென்றால் சாதாரண சலைனில் வைத்து அன்றன்றே அனுப்ப வேண்டும். எல்லாத் துண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு மூடும் பழக்கத்தால் எத்தனை பேரின் நோய்க்குப் பெயர் கிடைக்காமல் போயிருக்குமோ!

பெயர் கிடைப்பதற்கு ஏன் இவ்வளவு அவசரம்? ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. ரணத்தின் வழியே நீரும் புரதமும் கசிந்து, கிருமி புகுந்து, சாப்பிட முடியாமல் இறந்தார்கள். 1950-களில் ஸ்டீராய்டு வந்து அந்த நிலையை மாற்றியது. ஆனால் அதிக அளவில் பல ஆண்டுகள் தின்ற ஸ்டீராய்டே வேறு வழியில் உடம்பைக் கெடுத்தது. நம் நாட்டு மருத்துவம் இங்கே ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சா 1980-களின் தொடக்கத்தில் 'பல்ஸ்' என்ற ஒரு முறையை வகுத்தார். 28 நாளுக்கு ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து டெக்ஸாமெத்தசோன் 100 மில்லிகிராம், அதில் ஒரு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மில்லிகிராம் சேர்த்து, சொட்டுச் சொட்டாக ரத்தக்குழாயில். இடைப்பட்ட நாட்களில் சிறிய அளவில் மாத்திரை. மலிவான மருந்துகள், அரசு மருத்துவமனையில் கிடைப்பவை. இந்திய மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகளில் 'பல்ஸ் போட வந்திருக்கிறேன்' என்று நோயாளிகளே சொல்லும் அளவுக்கு இது வழக்கமானது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு சினைப்பையைப் பாதிக்கும் என்பதால், குழந்தைப்பேறு முடியாத பெண்ணிடம் அதை முன்கூட்டியே பேசியாக வேண்டும். 2017-இல் பிரெஞ்சு மருத்துவர் பாஸ்கல் ஜொலி தலைமையில் 90 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ரிடக்ஸிமாப் மருந்தை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. ரிடக்ஸிமாபும் குறைந்த அளவு ஸ்டீராய்டும் பெற்றவர்களில் 89 சதவீதத்தினர் இரண்டு ஆண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தனர். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் அது 34 சதவீதம். கையில் இவ்வளவு மருந்தை வைத்துக்கொண்டு, நோய் இன்னதென்று தெரியாமல் காலம் கடத்துவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாப் ஸ்மியரின் காலமே முடிந்துகொண்டிருக்கிறதே, இதையெல்லாம் இப்போது ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்கலாம். உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்பிவி டி.என்.ஏ. பரிசோதனையைத்தான் முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. அதற்கான சான்றுகளில் ஒரு பங்கு இந்திய மண்ணிலிருந்து போனது: டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில் எச்பிவி பரிசோதனை மரணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது, செல் பரிசோதனையால் அந்த அளவு குறைக்க முடியவில்லை. அதே குழு திண்டுக்கல் மாவட்டத்தில், செவிலியர்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் எளிய முறையாலேயே புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததைக் காட்டியிருந்தது. புற்றுநோயைத் தடுப்பதில் எது சிறந்ததோ அதுதான் வர வேண்டும். அரிய நோய் ஒன்றுக்காகப் பாப் ஸ்மியரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் எச்பிவி பரிசோதனை ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: வைரஸ் உண்டா, இல்லையா? பெம்பிகஸ் உள்ள பெண்ணுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். அவளைப் புற்றுநோய் என்று பயமுறுத்தும் ஆபத்து போயிற்று; அவள் புண்ணை யாராவது பார்க்கும் வாய்ப்பும் சேர்ந்தே போயிற்று. திண்டுக்கல் செவிலியரைப் போலக் கருவி வைத்து நேரே பார்ப்பவருக்கு இங்கே ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஆறாத ரணத்தைக் கண்டால் புற்றுநோய் இல்லை என்ற முடிவோடு நிற்காமல், மேலே வாயிலும் ஒரு டார்ச் அடித்துப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்குப் பட்டமும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. இந்தியா முழுவதற்கும் 2 சதவீதத்தை எட்டவில்லை. நாம் முந்தியிருக்கிறோம் என்று மார் தட்டிக்கொள்ளும் அளவா இது? கூச்சத்தையும் பயத்தையும் தாண்டி, ஒரு நாள் கூலியை விட்டு, பரிசோதனை மேசையில் வந்து படுக்கும் பெண் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி. அவள் வாழ்நாளில் இன்னொரு முறை வருவாள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அவளிடமிருந்து செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவது அவள் எடுத்த சிரமத்துக்கு நியாயம் ஆகாது.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு: நான்கு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண் இருந்தால் கீரையோடு நிறுத்தாதீர்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். பாப் பரிசோதனைக்குப் போனால், யாரும் கேட்காவிட்டாலும் வாய்ப்புண்ணையும் தோல் புண்ணையும் சாப்பிடும் மாத்திரையையும் சொல்லி, அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சுகாதாரத் துறைக்கு: சைட்டாலஜி படிவம் அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது 'வாய்ப்புண் உண்டா? எத்தனை மாதமாக?' என்று ஒரு வரி சேருங்கள். கூடுதல் செலவு ஒரு பைசாகூட ஆகாது.